சித்திரை வெயிலில் தூண்டில்

ஏப்ரல் பாதி தாண்டியதும் தூண்டில் பிடிக்கும் நண்பர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்த வெயில்ல மீன் கடிக்குமா?" கடிக்கும். ஆனால் வெயிலை மட்டும் பார்த்து நேரம் குறித்தால் பாதி நாள் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். சித்திரையிலும் வைகாசியிலும் ஏரியில் பார்க்க வேண்டியது, தண்ணீருக்குள் ஆக்சிஜன் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை. கடலில் பார்க்க வேண்டியது, காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை. இரண்டுக்கும் ஒரே நேரக்கணக்கு ஒத்துவராது.

நான் இருப்பது சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி. சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். அதனால் கோடையில் வாரக்கடைசி கடலில் என்றால், பள்ளி விடுமுறை கண்மாய்க்கரையில். இரண்டு தண்ணீரும் எவ்வளவு மாறுபட்டு நடந்துகொள்ளும் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

நன்னீரிலிருந்து தொடங்குகிறேன். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி வெப்பத்தில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவு ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது ஏறக்குறைய 7.5 ஆகிவிடும். நம் ஊர் ஏரிகளில் மே மாத மதியம் மேல்தண்ணீர் 30 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். இன்னொரு பக்கம், மீனின் உடல்சூடு தண்ணீரின் சூட்டோடு சேர்ந்து ஏறுவதால் அதற்கு முன்பைவிட அதிக ஆக்சிஜன் தேவைப்படும். கையிருப்பு குறையும் நேரத்தில்தான் செலவும் கூடுகிறது.

இதுவாவது பகலின் கதை. இரவில் நடப்பதுதான் முக்கியம். பச்சைப் பசேலென்று பாசி பிடித்த ஏரியில் பகல் முழுக்கப் பாசி ஆக்சிஜனை வெளியிடும். பொழுது சாய்ந்ததும் அது நின்றுபோகும். பாசி, மீன், அடிச்சேற்றில் மக்கும் இலைதழை எல்லாம் சேர்ந்து இரவு முழுக்க ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். ஆகவே ஒரு நாளில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரம், சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்னும் பின்னும்தான்.

அந்த நேரத்தில் வற்றிக்கொண்டிருக்கும் ஒரு ஏரிக்கரையில் நின்று பாருங்கள். கட்லாவும் ரோகுவும் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வாயின் மேலுதடு மட்டும் வெளியே தெரியும். சுற்றிலும் சின்னச்சின்ன வளையங்கள் விரியும். பக்கத்தில் கல்லைப் போட்டாலும் சட்டென்று விலகாது. மந்தமாக ஒரு பக்கம் சாய்ந்து நகரும். "மேல வந்திருக்கு, போடு போடு" என்று மாவு உருண்டையை அதன் முகத்துக்கு நேரே இறக்குபவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அது இரை தேடி வரவில்லை, மூச்சுக்காக வந்திருக்கிறது. மூச்சுத் திணறும் மீன் தின்னாது. செரிப்பதற்கும் ஆக்சிஜன் வேண்டுமே.

எனவே பாசி மண்டிய ஏரி, குளத்துக்கு அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஓட வேண்டாம். நிதானமாகக் காபி குடித்துவிட்டு எட்டு, எட்டரைக்குப் போனால் போதும். வெயில் ஏறிப் பாசி வேலையைத் தொடங்கிய பிறகு மீன் கீழே இறங்கி மேயத் தொடங்கும். பத்தரை வரை நல்ல நேரம். அப்புறம் நாலரை மணிக்கு மேல் இருட்டும் வரை. தெளிந்த, ஆழமான நீர்த்தேக்கம் என்றால் கணக்கு வேறு. அங்கே பாசி குறைவு, இரவில் ஆக்சிஜன் அவ்வளவு சரியாது. விடியற்காலையே சரியான நேரம்.

எங்கே உட்காருவது? மரநிழல் இருக்கும் கரையைத் தேடித்தான் எல்லோரும் போவார்கள். நான் காற்று மோதும் கரைக்குப் போவேன், வெயில் முதுகைச் சுட்டாலும் சரி. காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து மோதும் இடத்தில் சிற்றலை எழும். அந்த அலை ஆக்சிஜனைக் கலக்கும், மிதக்கும் பூச்சி, பாசித்துண்டு எல்லாவற்றையும் அங்கே ஒதுக்கும். மீன் அங்கேதான் கூடும். எதிர்க்கரையில் தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தால் அங்கே தக்கையைப் போட்டுக் காத்திருப்பதில் பொருளில்லை.

ஆழத்தையும் மாற்ற வேண்டும். மற்ற மாதங்களில் ரோகு, மிர்காலுக்கு இரையை அடித்தரையில் கிடக்கவிடுவது பழக்கம். கோடையில் ஆழமான ஏரிகளில் சூடான தண்ணீர் மேலே நிற்க, அடித்தண்ணீர் கலக்காமல் தேங்கிப்போய் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். மீன் இரண்டுக்கும் நடுவே நிற்கும். அதனால் தக்கையை நகர்த்தி, இரை அடியிலிருந்து ஒரு முழம், ஒன்றரை முழம் மேலே தொங்கும்படி வைப்பேன். கோதுமை மாவில் பொடித்த கடலைப் புண்ணாக்கைப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டினால் போதும். வெயில் காலத்தில் மீன் பெரிய உருண்டையை விழுங்காது, தட்டித்தட்டிப் பார்க்கும். முள்ளும் சின்னதாக இருப்பது நல்லது.

இந்தக் கணக்கெல்லாம் ஒத்துவராத மீன் ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்த மீனும் அதுதான். விரால்.

விராலுக்குச் செவுளுக்கு மேலே காற்றை இழுத்துவைக்கும் ஓர் அறை இருக்கிறது. தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறதா இல்லையா என்ற கவலை அதற்கு இல்லை. மேலே வந்து ஒரு வாய் காற்றை இழுத்துக்கொண்டு கீழே போய்விடும். உண்மையில் மேலே வரவிடாமல் வலைக்குள் அமுக்கிவைத்தால் நல்ல தண்ணீரிலும் அது மூச்சு முட்டிச் செத்துப்போகும். மற்ற மீன்கள் சோர்ந்துகிடக்கும் கோடையில் விராலுக்குத்தான் வேட்டை. சோர்ந்த கெண்டைக்குஞ்சும் தவளையும் அதற்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடைக்கும்.

இதே வித்தை தெரிந்த இன்னொன்று பனையேறிக் கெண்டை. தரங்கம்பாடியில் இருந்த டேனிய லெப்டினன்ட் டால்டோர்ஃப், இந்த மீன் பனைமரத்தில் ஏறுவதைக் கண்டதாக எழுதியனுப்பிய குறிப்பை லண்டன் லின்னேயன் சங்கம் 1797இல் வெளியிட்டது. மரம் ஏறும் என்பதைப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் ஏற்கவில்லை. ஆனால் குளம் வற்றினால் செவுள்மூடியின் முட்களை ஊன்றி ஈரத்தரையில் அடுத்த தண்ணீரை நோக்கி நகரும் என்பது உண்மை. எங்கள் கண்மாய்ப் பக்கம் கோடை மழை பெய்த மறுநாள் வரப்பில் இதைப் பார்க்காத சிறுவர்கள் இல்லை.

விராலுக்குத் தாமரை இலையும் ஆகாயத்தாமரையும் அடர்ந்த ஓரம்தான் இடம். காலை பத்து மணிக்கு மேல், வெயில் சுள்ளென்று அடிக்கும்போதும் கடிக்கும். ரப்பர் தவளையை இலைக்கூட்டத்துக்கு அப்பால் வீசி, இலைமேல் ஊர்வதுபோல மெதுவாக இழுத்து, இடைவெளி வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். நிறுத்துவதுதான் முக்கியம். பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் 'பொளக்' என்ற சத்தத்தோடு தண்ணீர் வெடிக்கும். சத்தம் கேட்டதும் கை தானாக இழுக்கப் பார்க்கும். ஒரு மூச்சு பொறுத்து, ராடின் (தூண்டில் கம்பின்) நுனியில் கனம் தெரிந்த பிறகு இழுக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கோடை மழைக்குப் பிறகு ஓரத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கூட்டம் பந்துபோலத் திரண்டு, மேலே வந்து கொப்பளித்துக் கீழே போவதைப் பார்த்தால் அங்கே வீசாதீர்கள். அது விரால் குஞ்சுக்கூட்டம். கீழே தாயோ தகப்பனோ காவலுக்கு நிற்கும். அந்தக் கூட்டத்தின் மேல் எதை வீசினாலும் பெரிய மீன் பாய்ந்து கடிக்கும். பசிக்காகக் கடிப்பதில்லை, பிள்ளையைக் காப்பாற்றக் கடிக்கிறது. அதைப் பிடித்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் ஜிலேபிக் கெண்டையும் குறவையும் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும். அப்படிப் பிடித்த விராலோடு படம் போடுவதை நான் ரசிப்பதில்லை. கூட்டத்தின் நிறம் கருத்து, குஞ்சுகள் கலைந்து போகும்வரை அந்த ஓரத்தை விட்டுவிடலாம்.

சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் இந்த மாதங்களில் கண்மாய் முழங்கால் அளவுக்கு வற்றியதும் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத்துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு சுற்றுப்பட்டு ஊரெல்லாம் சேற்றில் இறங்கும். சாதி, ஊர் வித்தியாசம் பார்க்காமல் பிடித்தவன் பிடித்ததைக் கொண்டுபோகலாம். தூண்டில்காரர்களுக்கு அன்றைக்கு வேலை இல்லை. ஆனாலும் போய்ப் பாருங்கள். சேற்றின் எந்த மூலையில் விரால் அகப்படுகிறது, மடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் எது கிடைக்கிறது என்று பார்த்துவைத்தால் அடுத்த ஆண்டு கண்மாய் நிறைந்திருக்கும்போது தரை எப்படி இருக்கிறது என்பது மனதில் இருக்கும். மற்ற நாட்களில் ஏரி, கண்மாய் பலவும் மீன்பாசிக் குத்தகையில், அதாவது மீன் பிடிக்கும் உரிமைக்கான குத்தகையில், இருக்கும். கேட்டுக்கொண்டு போடுவதுதான் முறை.

இனி கடல்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். முன்பு 45 நாட்களாக இருந்தது, 2017இல் 61 ஆனது. நாட்டுப்படகுக்கும் கரையிலிருந்து தூண்டில் போடுபவர்களுக்கும் இந்தத் தடை இல்லை. இழுவலை ஓய்ந்திருக்கும் இந்த நாட்களில் கரையோரம் நடமாட்டம் கூடுவதாகக் கரையில் நிற்பவர்கள் பலரும் சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் மீன் இருந்தால் மட்டும் போதாது, தண்ணீர் இடம் கொடுக்க வேண்டும்.

திறந்த கடலில் அலை ஓயாமல் அடித்துக் கலக்குவதால் ஏரியைப் போல ஆக்சிஜன் பஞ்சம் கரையில் வராது. அதனால் இங்கே விடியற்காலைதான் ராஜா. இரவெல்லாம் தரையிலிருந்து கடலை நோக்கி மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, வீசியிருக்கும். மேல்காற்று அலையின் முகத்தில் அடித்து அதை அமுக்கும், கலங்கல் அடங்கும். காலை ஐந்தரைக்கு முட்டுக்காட்டுக்கும் கோவளத்துக்கும் நடுவே மணலில் நின்றால், அலை உடையும் மணல்திட்டு எங்கே, அதற்கும் கரைக்கும் நடுவே உள்ள பள்ளம் எங்கே என்று தண்ணீரின் நிறத்திலேயே தெரியும். கிழங்கான் மீன் அந்தப் பள்ளத்தில்தான் மேயும். தூரமாக வீசி வீரம் காட்ட வேண்டியதில்லை. சின்ன முள்ளில் உரித்த இறால் துண்டைக் கோத்து, உருளும் அளவுக்கு மெல்லிய ஈயக்குண்டோடு பள்ளத்துக்குள் போட்டு, மணலோடு மெல்ல இழுத்தால் தூண்டில் நரம்பில் 'டக் டக்' என்று இரண்டு தட்டு வரும். மூன்றாவது தட்டில் மீன் இருக்கும்.

பதினொரு மணிவாக்கில் கடல்காற்று ஏறும். அக்னி நட்சத்திர நாட்களில் மேல்காற்று பலமாக இருந்தால் அது பிற்பகல் வரை தள்ளிப்போகும். ஊருக்குள் 40 டிகிரி தாண்டிக் கொதிக்கும் நாட்கள் பெரும்பாலும் அவைதான். ஊர் கொதிக்கும் அந்த நாட்களில் கரைத்தண்ணீர் நெடுநேரம் தெளிந்து நிற்கும். சீலாவும் பாறை மீனும் கரைக்கு அருகே குஞ்சுமீன்களைத் துரத்தும். வெள்ளி மின்னும் லூர் (செயற்கை இரை) போடுபவர்களுக்கு அதுதான் நேரம். தொப்பியும் தண்ணீர்க் குடமும் இல்லாமல் நிற்க வேண்டாம்.

அப்புறம் நீரோட்டம். வடக்கேயிருந்து தெற்கே ஓடும் தண்ணீரை எங்கள் பக்கத்து மீனவர்கள் வன்னி என்பார்கள், தெற்கேயிருந்து வடக்கே ஓடினால் தெண்டி. பிப்ரவரி தொடங்கி மே வரை கிழக்குக் கரையோட்டம் வடக்கு நோக்கியே இருக்கும் என்பது கடலியல் பாடம். ஆனால் கரையில் தினமும் ஒன்றுபோல இருக்காது. குப்பத்துப் பெரியவர் ஒருவர் கைப்பிடி மணலைத் தண்ணீரில் தூவிப் பார்த்துவிட்டு, "தெண்டி நல்லா இழுக்குது தம்பி, இன்னைக்கு வலையே நிக்காது, உன் ஈயம் எங்க நிக்கும்?" என்றார். இழுப்பு அவ்வளவு இருக்கும் நாளில் ஈயத்தின் எடையைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, கல்தடுப்புக்கு வடபுறம், ஓட்டம் உடைந்து சுழலும் இடத்துக்குப் போய்விடுவது மேல். இரைமீன்களும் அங்கேதான் ஒதுங்கியிருக்கும்.

முகத்துவாரங்களின் கதை கோடையில் தனி. மழைக்காலத்தில் ஆறு தள்ளித் திறந்துவைத்த வாயைக் கடல் மணலைக் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாக மூடும். முட்டுக்காடு, அடையாறு, பழவேற்காடு எல்லாம் இந்தப் பாட்டைப் படுபவைதான். வாய் அடைபட்டால் உள்ளே தண்ணீர் வற்றி உப்பேறும், சூடேறும். ஏரிக்குச் சொன்ன ஆக்சிஜன் கணக்கு அப்போது உப்பங்கழிக்கும் பொருந்தும். வாய் திறந்திருந்தால், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் இறங்கும் வற்றம் தொடங்கும் நேரம் பொன்னான நேரம். சென்னைப் பக்கம் அந்த நாட்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் அளவுதான் வித்தியாசம், ஆனால் அந்தத் தண்ணீர் முழுக்க ஒரு குறுகிய வாய்வழியே வெளியேற வேண்டும். அதோடு மடவைக் குஞ்சும் இறாலும் அடித்துக்கொண்டு வரும். வெளியே இருட்டில் கொடுவா நிற்கும்.

கொடுவாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த மீன் ஆணாகத்தான் முதிர்ச்சி அடையும். சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். அதனால் கூட்டத்தில் பெரியவை ஏறக்குறைய எல்லாமே பெண். வளர்ந்த மீன்கள் உப்புநீர் தேடி முகத்துவாரத்துக்கு வந்துதான் முட்டையிடும். முட்டுக்காட்டில் ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இல் கொடுவாவைத் தொட்டியில் குஞ்சு பொரிக்கவைத்தது, அதற்குப் பிறகுதான் இங்கே பண்ணை வளர்ப்பு பரவியது. பண்ணை மீன் கடையில் கிடைக்கிறது. அப்படியிருக்க, ஐந்தாறு கிலோ தாய்மீனை முகத்துவாரத்தில் பிடித்து வீட்டுக்குத் தூக்கிப்போக எனக்கு மனம் வருவதில்லை. இரண்டு கிலோ அளவில் ஒன்று குழம்புக்குப் போதும். பெரியது மாட்டினால் விட்டுவிடலாம். அதிலும் கோடையில் விடுவதற்கு ஒரு முறை இருக்கிறது: மெல்லிய நரம்பில் அரைமணி நேரம் ஓடவிட்டு விளையாடாமல் தடித்த நரம்பில் சீக்கிரம் கரைசேர்க்க வேண்டும், கொதிக்கும் மணலில் போடக்கூடாது, ஈரக்கையால் தொட வேண்டும், தண்ணீருக்குள் வைத்தே முள்ளைக் கழற்றி, தலையை ஓட்டத்துக்கு எதிரே பிடித்து, அது தானாக உதறிக்கொண்டு போகும்வரை தாங்கிக்கொள்ள வேண்டும். சூடான தண்ணீரில் களைத்த மீனைத் தூக்கி எறிந்துவிட்டு 'விட்டுவிட்டேன்' என்று சொல்வதில் பயனில்லை, பல மீன்கள் கொஞ்ச நேரத்தில் செத்துப்போகும்.

காற்றே இல்லாத நாளில் கடல் திடீரென்று ஏறுவதும் இந்த மாதங்களில்தான். தெற்கு இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசும் புயலின் நெடிய அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து நம் தென்முனையில் வந்து மோதும். கள்ளக்கடல் என்பது இதுதான். வானம் தெளிவாக இருக்கும், காற்று இருக்காது, ஆனால் பாறைமேல் நிற்பவனை அலை வாரிக்கொண்டு போய்விடும். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அப்படித்தான் இறந்தார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் இந்த அலைகளுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை வெளியிடுகிறது. பாறையிலிருந்து தூண்டில் போடுபவர்கள் கிளம்புமுன் அதைப் பார்க்காமல் போகவே கூடாது. எச்சரிக்கை இருந்தால் அன்றைக்குக் கண்மாய்க்குப் போங்கள். அதேபோல மாலையில் மேற்கே இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குள் போய் உட்காருங்கள். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும், வெட்டவெளியில் உயர்ந்து நிற்பதும் அதுதான்.

ராமேசுவரத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மே மாதம் தென்மேற்குக் காற்று எடுக்கத் தொடங்கியதும் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கலங்கிக் கொந்தளிக்கும். வடகடலான பாக் விரிகுடாப் பக்கம் குளம் போலக் கிடக்கும். ஒரே தீவில் பத்து நிமிட ஓட்டத்தில் கடலை மாற்றிக்கொள்ளலாம். வடகடலில் தண்ணீர் ஆழமில்லை, சீக்கிரம் சூடேறும், அதனால் விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருபவை, அங்கே தூண்டிலோடு போக முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் அங்கே தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் நெடுநாள் நின்றால் பவளப்பாறைகள் வெளுத்துப்போகும். 2016இல் அப்படி நிறையவே வெளுத்தது. தீவுகளுக்கு வெளியேயும் பாறையில் முள் சிக்கினால் வெறிகொண்டு இழுக்காமல் நரம்பை அறுத்துவிடுவது நல்லது.

ஜூன் பிறந்ததும் இதெல்லாம் மாறும். ஜூன் 1 முதல் மேற்குக் கடற்கரைத் தடைக்காலம் தொடங்கும், கன்னியாகுமரியின் மேற்குப் பகுதியும் அதில் சேரும். மேட்டூரில் இருப்பு போதுமான ஆண்டுகளில் ஜூன் 12 அன்று அணை திறப்பார்கள். காவிரியில் புதுத்தண்ணீர் கலங்கலோடு வரும்போது மாவு உருண்டையை மூட்டைகட்டிவிட்டு மண்புழுவை எடுக்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தண்ணீரில் முதலில் கடிப்பது கெளுத்தி.